சிறார் முரண்நடத்தையும் நெறிப்படுத்தும் முறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மக்கட்பேற்றைப் பெறுதற்கரிய பேறாகக் கருதியவர் தமிழர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்யிட்ட சோற்றைக் கையால் துழாவி மேலெல்லாம் சிதறும் குழந்தை இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்னும் கருத்தமையப் புறநானூற்றிற் பாடினான். சோற்றைச் சிதறுதல் இற்றைப் பெற்றோர் பலர்க்குச் சினமூட்டும் செயல். அவ்வரசனுக்கோ அது வாழ்வின் பயன். ஆயினும், அதே தமிழ் வழக்கில்தான் ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியும், ‘அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்னும் பழமொழியும் நிலவுகின்றன.

தமிழாசிரியப் பணிக்குப் பயிலும் மாணவரோடு அண்மையில் உரையாடுங்கால், சிறு குழந்தையைக் கோல் கொண்டு திருத்துதல் நம் பண்டை மரபு என்றும், அதனை விலக்குதல் மேனாட்டார் கொள்கை என்றும் அவருட் சிலர் உறுதியாகக் கூறினர். இக்கூற்று வகுப்பறையிலும் இல்லத்திலும் நாளும் வழங்குவது. மரபு என்னும் பெயரால் ஓர் ஐந்து அகவைக் குழந்தையின் மேல் கோல் விழுமாயின், அம்மரபு உண்மையில் யாது என ஆராய்தல் தமிழ் கற்றோர் கடமையாகும். கடித்தல், அடித்தல், பொருளை எறிதல், உண்ண மறுத்தல், தரையிற் புரண்டழுதல், அழைத்தால் வாராது ஓடுதல் முதலிய செயல்களை ஈண்டு ‘முரண்நடத்தை’ எனக் குறிக்கின்றோம். இவற்றை எதிர்கொண்ட முறைகளை முதலில் இலக்கியத்திலும், பின்னர்ப் பள்ளி வரலாற்றிலும் காண்போம்.

நற்றிணைத் தாயர் ஏந்திய கோல்

இவ்வாய்வுக்கு முதன்மையான சான்று போதனார் பாடிய நற்றிணை 110-ஆம் பாட்டாகும். தேன் கலந்தாற்போன்ற இனிய பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, மற்றொரு கையில் நுனி மென்மையான சிறு கோலையும் ஓங்கிச் செவிலியர் ஒரு சிறுமியை உண்ணுமாறு வற்புறுத்துகின்றனர். அவள் மறுத்து, காற்சிலம்பு ஒலிக்க ஓடுகின்றாள். நரை கூந்தலையுடைய அம்முதிய செவிலியர் பின்தொடர மாட்டாது தளர்கின்றனர். பின்னாளில் அச்சிறுமியே, கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினையாது, பொழுது மறுத்து உண்ணும் உரம் பெற்றாள் எனத் தாய் வியக்கின்றாள்.

உரையாசிரியரும் திறனாய்வாளரும் இப்பாட்டைத் தலைவியின் குடிமைச் சிறப்புக்கே எடுத்துக்காட்டுவர். நாம் இங்குக் கோலைக் கவனிப்போம். தமிழ் இலக்கியத்திற் குழந்தைமேல் ஓங்கிய கோல் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அக்கோல் மூன்று வகையிற் குறிக்கத்தக்கது. ஒன்று, அஃது ஓங்கப்பட்டதேயன்றி வீழ்ந்ததாகப் பாட்டிற் செய்தி இல்லை. இரண்டு, வீழினும் வருத்தாதவாறு அதன் நுனி மென்மையாக அமைந்தது. மூன்று, அது பயனளிக்கவில்லை. சிறுமி பால் உண்டிலள், தளர்ந்தவர் செவிலியரே. அவள் பிற்காலத்திற் பெற்ற அறிவையும் ஒழுக்கத்தையும் யாண்டு உணர்ந்தாளோ எனத் தாய் வியந்து வினவுகின்றாள். கோலால் உணர்ந்தாள் என அவளும் கூறவில்லை. எனவே, கோலுக்குச் சான்றாக இப்பாட்டைக் காட்டுவோர், கோலின் தோல்விக்கும் இதுவே சான்று என்பதை மறத்தல் கூடாது.

சிற்றில் சிதைத்தல்

இனி, உண்ண மறுத்தலினும் பிறர்க்கு ஊறு செய்யும் நடத்தை ஒன்றைக் காண்போம். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், தலைவி தன் இளமை நிகழ்ச்சி ஒன்றைத் தோழிக்கு நினைவூட்டுகின்றாள். தெருவில் இவர்கள் கட்டிய மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்தும், கூந்தலிற் சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் துன்புறுத்திய சிறுவன் ஒருவன் அங்கே தோன்றுகின்றான். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் இச்செயலே ஒரு பருவமாக வளர்ந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவம் ஒன்று. அதில் சிறுமியர் தம் சிற்றிலை அழித்தல் வேண்டா எனப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் இரந்து வேண்டுவர்.

அம்புலிப் பருவத்தையும் இதனோடு ஒப்பிடுதல் தகும். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் அப்பருவத்தில், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களும் அமையப் பாடுதல் புலவர் வழக்கு. அரசியல் நூலுக்கு உரிய தண்டம் தொட்டிற்பாட்டினுள்ளும் புகுந்தது. ஆயினும் அது குழந்தையை நோக்கியதன்று, வாராத நிலவை நோக்கியது. நிலவிடத்தும் இன்சொல் முதலாகத் தொடங்கியவர் நம் புலவர்.

இவ்விலக்கியங்களைக் கொண்டு, பண்டைத் தமிழர் குழந்தைகளைப் பரிவோடு மட்டுமே நடத்தினர் எனத் துணிதல் பொருந்தாது. பிள்ளைத்தமிழ் கடவுளையும் அரசரையும் குழந்தையாக்கிப் பாடுவது. அங்கே குழந்தையின் குறும்பு புகழாகும். நற்றிணைச் சிறுமி பொற்கலத்திற் பால் உண்ணும் செல்வக் குடியினள். உழைக்கும் மக்களின் இல்லத்துக் குழந்தையைப் பற்றி இவை அறிவிப்பன சில. மேலும், ஒரு குறைபாட்டையும் நாம் மறைத்தல் ஆகாது. சிற்றில் சிதைத்த சிறுவனை எவரும் அடிக்கவில்லை என்பது உண்மை. எவரும் அவனுக்கு ஒன்றும் கற்பிக்கவும் இல்லை என்பதும் உண்மையே. வருந்திய சிறுமியரே இரக்கின்றனர். பொறுத்துக்கொள்ளுதல் ஒறுத்தலினும் மென்மையானது. ஆனால் பொறுத்தல் மட்டுமே நெறிப்படுத்தலாகாது. பிறர் சிற்றிலைச் சிதையாமல் தானும் ஒன்று கட்டி உடன் விளையாடும் முறையை அச்சிறுவனுக்கு எவரேனும் காட்டியிருத்தல் வேண்டும்.

நன்னூல் காட்டும் ஆசிரியனும் விலக்கும் மாணவனும்

கற்பித்தல் இலக்கணத்தை விரிவாகக் கூறுவது பவணந்தியாரின் நன்னூற் பாயிரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல், நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கும். பாடம் சொல்லும் முறையைக் கூறுங்கால், விரைவும் வெகுளியும் இன்றி, முகமலர்ச்சியோடு, கொள்வோன் ஏற்கும் வகை அறிந்து உரைத்தல் வேண்டும் என்னும் கருத்தை அது விதிக்கின்றது. பிரம்பைப் பற்றி ஆசிரியன் இலக்கணத்தில் ஒரு சொல்லும் இல்லை. வெகுளாமை ஆசிரியன் இயல்பாயின், வெகுளியின் கருவிக்கு அங்கே இடமில்லை என்க.

ஆயினும் நன்னூலார் பிறிதொரு வழியைக் காட்டினார். மாணவரை அன்னமும் ஆவும் முதலாகவும், மண்ணும் கிளியும் இடையாகவும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடையாகவும் அவர் வகுத்தார். அதன்மேலும், நூல் உரைக்கத் தகாதவர் எனச் சோம்பன், பிணியன், பிணக்கன், சினத்தன், துயில்வோன், மந்தன் முதலியோரை நிரல்பட எண்ணி விலக்கினார். அடித்துத் திருத்துக என அவர் கூறவில்லை. ஏற்காது விடுக என்றார்.

நன்னூலார் கருத்திற் கொண்டவர் இலக்கணம் பயிலவரும் மாணவரே. ஐந்து அகவைச் சிறாரல்லர். ஆகலின் அவரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் அவர் வகுத்த எல்லை கடந்து அப்பகுப்பு இன்றும் வாழ்கின்றது. ‘இவன் எருமை’ என்று ஒரு குழந்தையை நோக்கிச் சொல்லும் ஆசிரியர், குழந்தையின் செயலைக் கூறாது அதன் பிறவியைக் கூறுகின்றார். செயல் மாறும், பிறவி மாறாது எனக் கருதிய அளவிலே ஆசிரியரின் முயற்சியும் ஓய்ந்துவிடும். கற்பிக்க இயலாதவன் எனச் சிறு குழந்தையைப் பள்ளியினின்று திருப்பியனுப்பும் வழக்கம், கோலினும் ஓசையற்ற தண்டனையாகும்.

திண்ணைப் பள்ளியும் எண்ணிக்கை அடியும்

அங்ஙனமாயின் பிரம்பு எங்கே நிலைபெற்றது? விடை திண்ணைப் பள்ளி வரலாற்றில் உள்ளது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுக் கல்வி நிலையைக் குறித்துச் செய்தி திரட்டுமாறு 1822-இல் மாவட்ட ஆட்சியர்க்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆட்சியர் அனுப்பிய விடைகளுள் விரிவானது, பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் 1823-இல் எழுதியதாகும். அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவரும் இருந்தனர். அப்பள்ளிகளுள் கன்னடம், தெலுங்கு பயிற்றியவையே மிகுதி. தமிழ்ப் பள்ளிகள் நான்கு மட்டுமே. ஆயினும் அவர் விரித்த பள்ளி நடைமுறை, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியைப் பற்றி நம் முன்னோர் கூறிய செய்திகளோடு பெரிதும் ஒத்தது.

காம்பெல் உரைப்பதாவது: குழந்தைகள் ஐந்தாம் அகவையிற் பள்ளி புகுவர். காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையிற் கலைமகள் பெயர் எழுதப்பெறும். இரண்டாமவன் கையிற் சுழி இடப்பெறும்; அவன் புகழ்ச்சிக்கும் உரியனல்லன், இகழ்ச்சிக்கும் உரியனல்லன். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின்வரும் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடும். சோம்பியவன் அடிபடுவதோடு, இரு கைகளும் கட்டப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடப்படுவதும், இடைவிடாது அமர்ந்தெழுமாறு பணிக்கப்படுவதும் உண்டு. தொங்கவிடும் தண்டனையைத் தமிழர் கோதண்டம் என்றும், அமர்ந்தெழுதலைத் தோப்புக்கரணம் என்றும் வழங்கினர்.

மாணவர் கூட்டம் மிகுந்தமையால் ஆசிரியர் பிரம்பை நாடினர் எனச் சிலர் காரணம் கூறுவர். பல்லாரிக் கணக்கு இதற்கு இடந்தரவில்லை. 6,641 மாணவரை 533 பள்ளிகளுக்குப் பகுத்தால், பள்ளி ஒன்றுக்குப் பன்னிருவர் அளவினரே அமைவர். எனவே காரணம் கூட்டமன்று, முறையே எனத் துணியலாம். வருகை வரிசைப்படி அடி கூடும் அம்முறையை நோக்குக. எல்லாரும் விரைந்து வந்தாலும், ஒருவன் மூன்றாமவனாகவும் ஒருவன் பன்னிரண்டாமவனாகவும் ஆதல் தவிராது. அங்கே அடி குற்றத்திற்கு அளிக்கப்பெறவில்லை. வரிசை எண்ணுக்கு அளிக்கப்பெற்றது. பன்னிரண்டாமவன் ஏன் பிந்தினான் என்று வினவுவார் இலர். தம்பியைச் சுமந்தானோ, மாட்டைக் கட்டினானோ, பள்ளிக்கு அஞ்சி வழியில் நின்றானோ, அறிதற்கு வழியில்லை. அஞ்சிப் பிந்தியவனாயின், பிந்தியதற்குக் கிடைத்த அடி மறுநாள் அச்சத்தைப் பெருக்கி மேலும் பிந்தச் செய்திருக்கும். காரணம் வினவாத தண்டனை, தான் ஒழிக்க எண்ணிய நடத்தையைத் தானே வளர்க்கும் என்பதற்கு இது தக்க சான்று.

எழும்பூரிலிருந்து இலண்டன் வரை

காம்பெலுக்கு ஒரு தலைமுறை முன்னரே, சென்னையில் மாற்று முயற்சி ஒன்று நிகழ்ந்தது. படைவீரரின் ஆண்மக்களுக்கென எழும்பூரில் அமைந்த ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், தமிழ்ச் சிறார் மணலில் விரலால் எழுத்துப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த முனைந்தபோது, துணையாசிரியர் இசைந்திலர். அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு அகவைச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். மாணவர் மாணவரைக் கற்பிக்கும் ‘சென்னை முறை’ இங்ஙனம் தோன்றியது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அதனைப் பல நாடுகளுக்கும் பரப்பிற்று.

பெல்லின் முறையில் நமக்கு வேண்டியது ஒழுக்கம் பற்றிய பகுதி. மாணவரின் தவறுகள் ஒரு கறுப்புக் குறிப்பேட்டில் எழுதப்பெற்று, வாரந்தோறும் மாணவரே அமர்ந்த நடுவர் குழுவின் முன் ஆராயப்பெற்றன. சினந்த நொடியில் விழும் அடிக்கு மாறாக, பொழுது கடந்து ஆராயும் முறை பிறந்தது. திண்ணைப் பள்ளியினின்று அவர் மணலைக் கொண்டார். பிரம்பின் ஆட்சியைப் பெரிதும் குறைத்தார்.

இதே காலத்தில் இலண்டனில் இத்தகைய முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டர், பிரம்படியை வெறுத்தவர். ஆனால் அதற்கு ஈடாக, கழுத்தில் மரக்கட்டை பூட்டுதலையும், கூடையில் வைத்து உத்திரத்தில் தூக்கி நகைப்புக்கு இடமாக்குதலையும் அவர் கையாண்டார். கோதண்டத்துக்கும் கூடைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. பிரம்பை அகற்றினால் மட்டும் போதாது; அகற்றிய இடத்தில் யாது வைக்கப்பெறுகின்றது என்பதே வினா. இவ்வினாவைத் தீர்க்காத சீர்திருத்தம் வலியை நீக்கி நாணத்தைப் புகுத்தும்.

அடையாற்றில் மாண்டிசோரி அம்மையார்

அவ்விடத்தில் வைக்கத்தக்கது யாது எனக் காட்டியவருள் மரியா மாண்டிசோரி அம்மையார் ஒருவர். 1907-இல் உரோமை நகரின் ஏழை மக்கள் குடியிருப்பிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவ்வம்மையார், 1939-இல் பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே நிகழ்ந்த ஆசிரியப் பயிற்சியில் ஏறத்தாழ முந்நூற்றுவர் கலந்துகொண்டனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால் அவர் உடனே நாடு திரும்ப இயலவில்லை. போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலிற் கழித்தார். 1949-இல் அவருடைய ‘உட்கவரும் உள்ளம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் அடையாற்றிலேயே வெளியாயிற்று.

குழந்தையின் முரண்நடத்தை அதன் தீய இயல்பன்று; செயல்வேட்கை தடைபட்டதால் விளைந்த திரிபு என்பது அம்மையார் கொள்கை. குழந்தையின் உயரத்துக்கேற்ற இருக்கை, கைக்கு எட்டும் பொருள், விரும்பிய பணியைத் தேர்ந்து தடையின்றிச் செய்யும் பொழுது ஆகியன அமைந்தால், அத்திரிபு தானே நீங்கும் என அவர் கண்டார். தண்டனையையும் பரிசையும் ஒருங்கே விலக்கினார். எழும்பூரில் மாறியது தீர்ப்புமுறை. அடையாற்றில் மாறியது குழந்தை வாழும் சூழல்.

காரணம் வினவும் இற்றை முறை

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாய்வு மேலும் நுட்பமாயிற்று. வளர்ச்சிக் குறைபாடுடைய சிறாரை வருத்தித் திருத்தும் முறைகளுக்கு எதிராக 1980-களில் அமெரிக்காவில் எழுந்த இயக்கம், பின்னர் ‘நன்னடத்தைத் துணை’ எனத்தகும் பெயர் பெற்றது. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையானவற்றுள் ஒன்று. குறைபாடுடைய சிறார் நால்வரின் முரண்நடத்தை, சிலபோது கடினமான பணியிலிருந்து தப்பவும், சிலபோது பெரியோர் கவனத்தைப் பெறவும் நிகழ்வதை அவர்கள் கண்டனர். உதவியையும் கவனத்தையும் சொல்லாற் கேட்கும் முறையை அவர்களுக்குக் கற்பித்தபோது முரண்நடத்தை குறைந்தது. முரண்நடத்தை ஒரு மொழி. வேறு மொழி வாய்த்தபின் அது வேண்டப்படுவதில்லை என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று.

இம்முறையின் படிகள் எளியன. நடத்தைக்கு முன் யாது நிகழ்ந்தது, பின் யாது கிடைத்தது எனக் குறித்தல். அதனாற் குழந்தை பெறும் பயனை உணர்தல். அப்பயனைப் பெறுதற்கு ஏற்ற நல்வழியைப் பொறுமையாகக் கற்பித்தல். நல்வழியிற் சென்ற உடனே அதனைக் கண்டு பாராட்டல். முரண்பாடு எழாதவாறு சூழலை முன்னரே திருத்தல். பாராட்டும் பரிசும் பற்றி இம்முறையார்க்கும் மாண்டிசோரி அம்மையாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் காரணம் அறிந்தபின் செயற்படுக என்பதில் இருவரும் ஒருமனப்பட்டவர்.

இவ்வறிவோடு நற்றிணைப் பாட்டை மீண்டும் நோக்குவோம். சிறுமி ஓடுந்தொறும் செவிலியர் பின்தொடர்ந்தனர். அவளுக்கு அஃது ஒரு விளையாட்டன்றோ? கோல் அவ்விளையாட்டின் கருவியாயிற்று. ஓட்டத்துக்குப் பரிசாகத் துரத்தலை அளித்தோர், ஓட்டம் நிற்க வேண்டும் என எதிர்பார்த்தனர். பாலுக்கு முன்னரே அவளோடு சிறிது பொழுது விளையாடி, பின்னர்ச் சிறிதளவு பாலை அவள் கையிலேயே கொடுத்து, பருகியபோது மகிழ்ந்திருப்பின், முதிய செவிலியர் தளர்ந்திருக்க வேண்டா. பாட்டின் சுவை இதனாற் குறைவதில்லை. போதனார் குழந்தையின் நடத்தையை எத்துணை நுட்பமாக நோக்கினார் என்பதே வெளிப்படுகின்றது.

சட்டமும் இவ்வழியே நடந்துள்ளது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை உடல் தண்டனையைக் கல்வியினின்று விலக்குமாறு கூறிற்று. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இல் திருத்தப்பெற்று அத்தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் விலக்கிற்று. லங்காஸ்டரின் கூடைக்கும் இதனால் தடை வந்தது. ஆனால் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ளாரையே குழந்தை என வரையறுத்தது. சொல்வளம் நிரம்பாமையால் கையாலும் பல்லாலும் பேசும் மூன்று, நான்கு அகவைக் குழவிகள் அவ்வரையறைக்குப் புறத்தே நிற்கின்றனர். அவர்க்குக் காப்பாக அமைய வேண்டியது ஆசிரியரின் அறிவும் பெற்றோரின் பொறுமையுமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படும். சிறு குழந்தையைக் கோலால் திருத்துதல் தமிழ் இலக்கியத்தின் பொதுவிதி அன்று. அங்கே தோன்றும் கோல் வீழாத கோல், வெல்லாத கோல். பிரம்பு நிலைபெற்றது ஒருவகைப் பள்ளி முறையின் விளைவாகவே. பழமொழி அம்முறையைத் தாங்கிற்று, நன்னூல் தாங்கவில்லை. ஆனால் நம் மரபு முழுமையும் பரிவே என்றலும் மிகையாம். பொறுத்துக்கொள்ளுதலும், தகுதியிலன் என விலக்குதலும் அம்மரபில் உண்டு. இவ்விரண்டும் கற்பித்தல் ஆகா.

கொள்வோன் ஏற்கும் வகை அறிந்து, வெகுளாது கற்பிக்க வேண்டும் என்று நன்னூலார் இலக்கண மாணவனுக்குக் கூறியதை, அவர் விலக்கிய பிணக்கனுக்கும் சினத்தனுக்கும் உரியதாக்குதல் நம் காலத்தின் பணியாகும். எழுத்தறியாத குழந்தையை நாம் அடிப்பதில்லை, எழுத்தைக் கற்பிக்கின்றோம். ஒழுகும் வகை அறியாத குழந்தைக்கும் அதுவே செய்யத்தக்கது. மரபைச் சான்று காட்டிக் கோலை எடுக்கும் ஆசிரியர், அம்மரபின் ஏடுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. அங்கே அவர் காண்பது தளர்ந்து நிற்கும் செவிலியரையும், பந்தர்க்கீழ் ஓடி மறையும் ஒரு சிறுமியையுமே ஆகும்.